ஒரு விரல்தானே!

ஹரியானாவின் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பிரஸ் மெஷின்கள் விரல்களைக் காவு வாங்குவது வாடிக்கை. காயம்பட்டவர் மருத்துவமனைக்குப் போவதா, துணியைச் சுற்றிக்கொண்டு சமாளிப்பதா என்று தீர்மானிக்கும் முதல் சில மணி நேரம்தான் கையின் எதிர்காலத்தையும் நஷ்டஈட்டையும் நிர்ணயிக்கிறது.

துரோணர் குருதட்சிணையாகக் கேட்டது ஏகலைவனின் வலது கைக் கட்டைவிரலை. துரோணரின் ஊர் என்று சொல்லப்படும் குர்கானுக்கு 2016ல் குருகிராம் என்று பெயர் சூட்டியது ஹரியானா அரசு. பெயரை மாற்றியவர்களுக்குத் தோன்றியிருக்காது. ஆனால் பொருத்தம் விபரீதமானது. அந்த ஊரிலும், அடுத்துள்ள மானேசரிலும் ஃபரீதாபாத்திலும் விரல்கள் இன்றும் காணிக்கையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஏகலைவனாவது தெரிந்தே கொடுத்தான். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் பிழைக்க வந்த இந்த இளைஞர்களிடம் யாரும் கேட்பதுகூட இல்லை.

1983 டிசம்பரில் குர்கானில் முதல் மாருதி கார் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து டில்லியைச் சுற்றியுள்ள பகுதி நாட்டின் மிகப் பெரிய வாகனத் தொழில் வட்டாரங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். கார் கம்பெனி தானே செய்துகொள்பவை அவற்றில் கொஞ்சம்தான். மற்றவை சப்ளை செய்யும் பெரிய நிறுவனங்களிலிருந்து வருகின்றன. அவர்களுக்குச் சிறிய நிறுவனங்கள் சப்ளை செய்கின்றன. அவற்றுக்கும் கீழே தகரக் கொட்டகைகளில் இயங்கும் பட்டறைகள். மேல்தட்டில் ரோபோக்கள் வெல்டிங் செய்கின்றன. ஏணியில் இறங்க இறங்க, மெஷினுக்கும் மனிதக் கைக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. கடைசிப் படியில் இடைவெளியே இல்லை.

அங்கே இருப்பது பவர் பிரஸ். கதவுக் கீல், பிராக்கெட், கிளிப், சீட்டின் அடிச்சட்டம் என்று தகட்டில் செய்யப்படும் எதற்கும் இந்த மெஷின்தான். இதன் தத்துவம் எளிது. பெரிய ஃப்ளைவீல் ஒன்று மோட்டார் விசையில் சுழன்றுகொண்டே இருக்கும். தொழிலாளி காலால் பெடலை மிதித்தால் கிளட்ச் பிடிக்கும். ராம் என்ற இரும்புப் பாளம் பல டன் விசையுடன் இறங்கி, அச்சில் வைத்த தகட்டை வெட்டும் அல்லது வளைக்கும். பிறகு மேலே போய் நிற்கும். தொழிலாளி செய்த பாகத்தை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைப்பார். ஒரு ஷிஃப்டில் இப்படிச் சில ஆயிரம் முறை.

பழைய ரக மெஷின்களில் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் ராம் முழுச் சுற்றை முடித்தே தீரும். நடுவில் நிறுத்த வழியில்லை. கிளட்சின் ஸ்பிரிங்கோ சாவியோ தேய்ந்துபோனால் பெடலை மிதிக்காமலே இரண்டாவது முறையும் இறங்கும். முதல் அடி முடிந்துவிட்டது என்று நம்பிக் கை உள்ளே நீளும் கணத்தில் இரண்டாவது அடி விழுகிறது. 'கவனக் குறைவு' என்று நிர்வாகம் எழுதிக்கொள்ளும் விபத்துகள் பலவற்றின் உண்மைக் காரணம், மாற்றப்படாத ஒரு ஸ்பிரிங்.

இத்தனைக்கும் தடுப்பு முறைகள் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் இயங்கும் அமைப்பு இருந்தால் கை உள்ளே இருக்க முடியாது. அச்சுக்கு முன்னால் தடுப்புக் கூண்டு வைக்கலாம். தகட்டை வைக்கவும் எடுக்கவும் இடுக்கியோ காந்தமோ கொடுக்கலாம். விரல் குறுக்கிட்டால் மெஷினை நிறுத்தும் ஒளித் திரை சென்சாரும் உண்டு. ஆனால் நடுவழியில் நிற்கத் தெரியாத பழைய கிளட்ச் மெஷினில் அந்த சென்சாரை மாட்டுவது பிரேக் இல்லாத வண்டிக்கு ஹாரன் மாட்டுவதைப் போல. நிற்கக்கூடிய மெஷின்களிலோ, உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது என்று சென்சாரை அணைத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது.

கணக்கில் வராத காயங்கள்

இந்த வட்டாரத்தில் காயம்பட்ட தொழிலாளர்களுக்கு உதவவென்றே இயங்குகிறது 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு. ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முன்னாள் மாணவர்கள் தொடங்கியது. இதுவரை ஆயிரக்கணக்கானவர்களுக்கு இ.எஸ்.ஐ. சிகிச்சையும் உதவித்தொகையும் கிடைக்க வழிசெய்திருக்கிறது. 2019 முதல் இந்த அமைப்பு வெளியிட்டுவரும் அறிக்கைகளின் பெயரே 'க்ரஷ்டு', அதாவது நசுங்கியவை. அவை சொல்லும் விவரங்களில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் அதிகமில்லை. காயங்களுக்கு முதல் காரணம் பவர் பிரஸ். காயம்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளி மாநிலத்தவர். பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர்கள்.

ஆனால் மாநில அரசின் பதிவேடுகளில் இந்த விரல்களைத் தேடினால் கிடைக்காது. அரசுக் கணக்கில் வரும் காயங்களைவிட இந்த ஒரு அமைப்பின் கதவைத் தட்டியவர்களே பல மடங்கு என்பது அமைப்பின் குற்றச்சாட்டு. எப்படி மறைகின்றன? 1948ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு வரையறை வைத்தது. விபத்தால் தொழிலாளி 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் இன்ஸ்பெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தொழிலாளியைப் பாதுகாக்கப் போட்ட இந்த விதியே வேறொரு தந்திரத்துக்கு வழிவிட்டது. கட்டுப்போட்ட கையோடு இரண்டாம் நாளே அவரை வரவழைத்து, எண்ணிக்கை பார்க்கும் 'லேசான வேலை' கொடுத்துவிட்டால் போதும். காகிதத்தில் விபத்து நடக்கவே இல்லை.

இந்தத் தந்திரம் பலிப்பதற்குக் காயம்பட்டவரின் ஒத்துழைப்பும் தேவை. அது சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். ஓவர்டைம் போகும். திரும்பி வரும்போது அந்த மெஷினில் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். ஊரில் வயலை அடகு வைத்துத் தங்கைக்குக் கல்யாணம் செய்த கடன் நிற்கிறது. அறையில் ஐந்து பேர் பங்கு போட்டு வாடகை கொடுக்கிறார்கள். சூப்பர்வைசர் தோளில் கைவைத்து, 'ஒரு விரல்தானே, சரியாகிவிடும்' என்கிறார். வலியில் இருப்பவருக்கும் அதை நம்பத்தான் ஆசை.

கம்பெனி மருத்துவ உதவியே செய்வதில்லை என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலும் வண்டி ஏற்பாடு செய்து, தெரிந்த தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார்கள். தையல் போட்டு, பில்லைக் கட்டி, கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கிறார்கள். தொழிலாளி நன்றியோடு வாங்கிக்கொள்கிறார். அந்தக் கிளினிக்கின் சீட்டில் காயத்துக்கான காரணம் என்று என்ன எழுதப்படுகிறது என்பதை அவர் பார்ப்பதில்லை. வேலையில் மெஷினால் பட்ட காயம் என்று இருக்க வேண்டிய இடத்தில் அறையில் கதவிடுக்கில் நசுங்கியது என்றோ, எதுவும் எழுதாமலோ இருந்தால், பிறகு எந்த அலுவலகத்திலும் அது வேலைக் காயம் ஆகாது. பேனாவின் ஒரு வரி, விரலோடு சேர்த்து ஆயுள் முழுவதற்குமான உதவித்தொகையையும் வெட்டிவிடுகிறது.

சின்னக் காயம், பெரிய பொய்

மருத்துவரிடம் போகத் தயங்குவதற்கு விரலின் இயல்பும் ஒரு காரணம். வயிற்றிலோ தலையிலோ பட்ட காயம் பயமுறுத்தும். விரலில் பட்டது ஏமாற்றும். ஒரு அங்குல அகலம்கூட இல்லாத இடத்தில் எலும்பு, மடக்கும் தசைநாண், நீட்டும் தசைநாண், இரு பக்கமும் நரம்பு, இரத்தக் குழாய் எல்லாம் தோலுக்குச் சற்று உள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சமையலறைக் கத்தி அரை அங்குலம் கீறினாலும் இவற்றில் ஒன்று அறுபட்டிருக்கலாம். மேலே தையல் போட்டுத் தோல் ஆறிவிடும். உள்ளே அறுந்த தசைநாணின் முனையோ உள்ளங்கைப் பக்கமாகச் சுருங்கிப் போயிருக்கும். சில வாரங்கள் கழித்து விரல் மடங்கவில்லை என்று வரும்போது, முதல் சில நாட்களில் நேரடியாகத் தைத்திருக்கக்கூடியதற்கு வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டவைக்கும் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

நுனி மட்டும் தொங்கிப்போய் நீட்ட முடியாமல் இருக்கும் விரல் இன்னொரு உதாரணம். பந்து பட்டோ, கட்டிலின் விரிப்பைச் செருகும்போதோகூட நேரலாம். வலி அதிகமிருக்காது. பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் தேவையில்லை. நுனி மூட்டை நீட்டிவைக்கும் ஒரு சின்னப் பட்டையை ஆறிலிருந்து எட்டு வாரம் கழற்றாமல் போட்டால் போதும். இதை அலட்சியப்படுத்தியவர் ஆயுளுக்கும் தொங்கும் நுனியோடு இருப்பார்.

தொழிற்சாலைகளில் எல்லோரையும் ஏமாற்றும் காயம் ஒன்று உண்டு. கிரீஸ் கன், பெயின்ட் ஸ்பிரே, ஹைட்ராலிக் குழாய் இவற்றிலிருந்து உயர் அழுத்தத்தில் பீறிடும் திரவம் விரலில் குத்துவது. வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி. முதலில் வலிகூடச் சுமார்தான். ஆனால் எண்ணெயோ பெயின்டோ தசைநாணின் உறை வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கும். உடனே திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். பார்வைக்கு மிகச் சிறியதான இந்தக் காயம் கை அறுவை மருத்துவத்தின் அவசர நிலைகளில் ஒன்று.

முழுதாகத் துண்டான விரல் என்றால்? அங்கும் அவநம்பிக்கையே முதலில் வருகிறது. போனது போனதுதான் என்று குப்பைத் தொட்டியில் விடப்பட்ட விரல்கள் உண்டு. 1962ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 12 வயதுச் சிறுவனின் துண்டான கையை மருத்துவர்கள் மீண்டும் பொருத்தினார்கள். 1965ல் ஜப்பானின் நாரா நகரில் கொமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள், முழுதாகத் துண்டான கட்டைவிரலை மைக்ரோஸ்கோப்பின் உதவியுடன் ஒட்டவைத்தார்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரத்தக் குழாய்களை, தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்கும் வேலை அது. விரலில் தசை கிடையாது என்பது ஒரு சௌகரியம். இரத்த ஓட்டம் நின்றதும் முதலில் கெட்டுப்போவது தசைதான். அதனால் துண்டான விரல் சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரமும், முறையாகக் குளிர்வித்து வைத்தால் சுமார் 24 மணி நேரமும் தாங்கும்.

இந்தியாவில் இந்தத் துறையின் வேர்கள் தெற்கில் இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறையை வளர்த்தார். மில்களும் பட்டறைகளும் நிறைந்த கோவையில் கங்கா மருத்துவமனையின் ராஜா சபாபதி குழுவினர் கை மறுசீரமைப்பில் உலக அளவில் பெயர் பெற்றிருக்கிறார்கள். வடக்கே சண்டிகரின் பி.ஜி.ஐ., டில்லியின் சஃப்தர்ஜங், எய்ம்ஸ் ஆகியவற்றின் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறைகள் இந்த வேலையைச் செய்கின்றன. மானேசரிலிருந்து டில்லி ஒரு சில மணி நேரத் தொலைவுக்குள்தான். வழியில் ஒரு கிளினிக்கில் கட்டுப்போட்டு, மறுநாள் பார்க்கலாம் என்று அறைக்கு அனுப்பும்போதுதான் அந்தத் தொலைவு கடக்க முடியாததாகிவிடுகிறது.

எல்லாத் துண்டான விரல்களையும் ஒட்டவைக்க முடியாது என்பதும் உண்மை. கத்தியில் சீராக வெட்டுப்பட்டதற்கும் பிரஸ்ஸில் கூழானதற்கும் நிறைய வித்தியாசம். நசுங்கிய குழாய்களில் தைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கட்டைவிரல் என்றாலோ, பல விரல்கள் ஒன்றாகப் போயிருந்தாலோ, குழந்தை என்றாலோ மருத்துவர்கள் கடைசிவரை முயல்வார்கள். ஒரே ஒரு விரல், அதுவும் மோசமாக நசுங்கியது என்றால், எலும்பைச் செதுக்கித் தோலை மூடித் தைப்பதே நல்லது என்று அவர்களே சொல்வதுண்டு. ஒட்டவைத்தால் பல மாதம் பிசியோதெரபி, விறைப்பு, ஒருவேளை இரண்டாம் அறுவை. மூடித் தைத்தால் சில வாரங்களில் வேலை. தினக்கூலிக்காரர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தவறென்று யார் சொல்வது? ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால்தான் வரும். தொழிற்சாலை வாசலிலேயே சூப்பர்வைசர் எடுத்துவிடும் முடிவை நோயாளியின் சம்மதம் என்று சொல்ல முடியாது.

விரலின் விலை

சட்டம் விரலுக்கு விலை போட்டு வைத்திருக்கிறது. 1923ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தால் கசாப்புக் கடையின் விலைப்பட்டியல் நினைவுக்கு வரும். கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகித இழப்பு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஆள்காட்டி விரலின் நுனி, எலும்புக்குச் சேதமில்லாமல் வெட்டுப்பட்டால் 5. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. 1948ம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் இதே பட்டியலைத்தான் பின்பற்றியது. இரண்டு சட்டங்களையும் உள்ளடக்கிய 2020ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியது. விரலின் சதவிகிதம் மாறவில்லை.

அட்டவணை எவ்வளவு இரக்கமற்றதாக இருந்தாலும், அதன்படி கிடைக்க வேண்டியது அற்பமில்லை. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் இ.எஸ்.ஐ. தொழிலாளி ஒருவருக்கு ஆள்காட்டி விரல் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். சிகிச்சை முழுவதும் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினக்கூலியில் 90 சதவிகிதம், அதாவது நாளொன்றுக்கு 360 ரூபாய். காயம் ஆறிய பிறகு மருத்துவக் குழு இழப்பை 14 சதவிகிதம் என்று நிர்ணயித்தால், அந்த 360ல் 14 சதவிகிதம். மாதத்துக்குச் சுமார் 1,500 ரூபாய், ஆயுள் முழுவதும். அவர் வேறு வேலைக்குப் போனாலும் இது நிற்காது.

இ.எஸ்.ஐ.யின் கீழ் வராதவராக இருந்தால் முதலாளியே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் 60 சதவிகிதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்கி, அதில் இழப்பின் சதவிகிதம். அதே 12,000 ரூபாய்ச் சம்பளம், 25 வயது என்றால் காரணி 216.91. ஆள்காட்டி விரலுக்கு சுமார் 2 லட்சத்து 18 ஆயிரம் ரூபாய் வரும். கிளினிக் வாசலில் கையில் திணிக்கப்படும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஈடாக விட்டுக்கொடுக்கப்படுவது இதைத்தான்.

வேலைக் காயத்துக்கு இ.எஸ்.ஐ.யில் குறைந்தபட்சச் சந்தா நாட்கள் என்று எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடமளித்தது. இந்த விவரங்கள் தொழிலாளிக்குத் தெரிவதில்லை. அவருக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதே பல சமயம் தெரிவதில்லை. வேலையில் சேரும்போது கைக்கு வரவேண்டிய அந்த அட்டை, விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தயாராகி வருவதுதான் இந்த வட்டாரத்தில் அதிகம் என்கின்றன சேஃப் இன் இந்தியாவின் அறிக்கைகள். மாதக்கணக்கில் பிரஸ்ஸில் நின்றவர், காகிதத்தில் அடிபட்ட அன்று வேலைக்குச் சேர்ந்தவராகிறார்.

இ.எஸ்.ஐ. பக்கமும் குறைகள் இல்லாமலில்லை. ஆதார் அட்டையில் ஒரு பெயர், கம்பெனிப் பதிவில் ஒரு பெயர் என்றால் கோப்பு நகராது. விபத்து அறிக்கையில் முதலாளி கையெழுத்திட வேண்டும். அவர் தாமதித்தால் உதவித்தொகையும் தாமதம். டிஸ்பென்சரி, மருத்துவமனை, கிளை அலுவலகம் என்று கட்டுப்போட்ட கையோடு அலைய ஒவ்வொரு நாளும் ஆட்டோவுக்குப் பணம் வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்தே ஊருக்கு ரயிலேறிவிடுகிறவர்கள் பலர். ஊரில் காத்திருப்பது வேறொரு வினோதம். ரேஷன் கடையில் விரல் ரேகை கேட்கும் மெஷின். ரேகை இல்லாதவருக்குக் கருவிழிப் பதிவு என்ற மாற்று வழி இருக்கிறது, பதிவுகளைப் புதுப்பித்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அதைக் கேட்டுப் பெறத் தெரிந்திருக்க வேண்டும்.

வயலில் இன்னும் மோசம்

தொழிற்சாலைக்காவது ஒரு சட்டம், ஒரு அலுவலகம் இருக்கிறது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசக் கிராமங்களில் வீட்டு முற்றத்தில் நிற்கும் தீவனம் வெட்டும் மெஷின்களுக்கு அதுவும் இல்லை. சக்கரத்தில் பொருத்திய கத்திகள் சுழல, புல் கட்டைக் கையால் உள்ளே தள்ளுவார்கள். பெண்களும் சிறுவர்களும்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறார்கள். சும்மா நிற்கும் சக்கரத்தைச் சுற்றி விளையாடும் குழந்தைகளின் விரல்களும் போகின்றன. டில்லி ஐ.ஐ.டி.யின் பேராசிரியராக இருந்து 2021ல் மறைந்த தினேஷ் மோகன் வட இந்தியக் கிராமங்களில் இந்தக் காயங்களை ஆராய்ந்தவர். மனிதர்களைக் கவனமாக இருக்கச் சொல்வதைவிட மெஷினைத் திருத்துவதே வழி என்பது அவருடைய கட்சி. கத்திக்கு முன் கை போகாதபடி தடுக்கும் எளிய மாற்றங்களை அவர் குழு வடிவமைத்தது. கதிரடிக்கும் மெஷின்களில் கை இழந்தவர்களின் எண்ணிக்கை பெருகியதால்தான் 1983ல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. சட்டத்தைக் கேள்விப்பட்ட விவசாயியைக் கண்டுபிடிப்பது கடினம். வயலில் விரல் போனவர் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊர் வைத்தியரிடம் போவதோடு விஷயம் முடிகிறது.

விரலில் அடிபட்டால்

மருத்துவர்கள் சொல்லும் முதல் உதவி எவர் கையிலும் இருக்கக்கூடிய பொருட்களை வைத்தே செய்யக்கூடியது. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு நிமிடமும் திறந்து பார்க்காமல் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் இரத்தம் நின்றுவிடும். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். விரலைச் சுற்றி நூலோ கம்பியோ இறுக்கிக் கட்டக் கூடாது.

துண்டான பகுதியை ஒருபோதும் எறியக் கூடாது. சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். ஸ்பிரிட்டிலோ பாலிலோ போடுவதும் கெடுதல்.

ஆழமில்லாத கீறல், நிறம் மாறாத லேசான வீக்கம் என்றால் வீட்டிலேயே கழுவிக் கட்டிக்கொள்ளலாம். விரலை முழுதாக மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, காயத்துக்கு அப்பால் மரத்துப்போயிருக்கிறது, வெளிறியோ நீலமாகவோ இருக்கிறது, கோணியிருக்கிறது, எலும்பு தெரிகிறது, நகம் பெயர்ந்திருக்கிறது என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாயோ மனிதரோ கடித்தது, அழுத்தக் குழாய் குத்தியது எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும். ஓரிரு நாள் கழித்து விரல் முழுதும் உருண்டு வீங்கி, பாதி மடிந்தே நின்று, நீட்டினால் உயிர் போகும் வலி எடுத்தால், தசைநாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அது ஒரு இரவுகூடத் தாங்காது. சர்க்கரை நோயாளிகள் எந்த விரல் காயத்தையும் சின்னதென்று விடக் கூடாது. டெட்டனஸ் ஊசியை எப்போது போட்டுக்கொண்டோம் என்று நினைவில்லையென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வேலையில் பட்ட காயம் என்றால் இன்னொரு கடமையும் உண்டு. எங்கே, எப்போது, எந்த மெஷினில் அடிபட்டது என்பதை மருத்துவர் சீட்டில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்து வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கூட வந்தவரைப் படிக்கச் சொல்லலாம். அந்தச் சீட்டின் படத்தை அலைபேசியில் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டால், பிறகு அது 'காணாமல்' போகாது.

கடைசியில் யார் பொறுப்பு?

சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்பது தனி மனிதரின் முடிவு போலத் தோன்றலாம். மானேசரில் அந்த முடிவை எடுப்பது பல பேர். உற்பத்தி எண்ணிக்கையை நிர்ணயித்த நிறுவனம், ஸ்பிரிங்கை மாற்றாத பட்டறை முதலாளி, பெயரைப் பதிவேட்டில் ஏற்றாத காண்ட்ராக்டர், கேட்காமலே சீட்டு எழுதும் கிளினிக், வராத இன்ஸ்பெக்டர். இத்தனை பேரும் முடிவெடுத்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் தொழிலாளி தீர்மானிக்கிறார்.

செலவு என்று பார்த்தாலும் இது புரியாத கணக்கு. பிரஸ்ஸில் இரட்டைப் பொத்தானும் தடுப்புக் கூண்டும் பொருத்துவது கார் கம்பெனிகளின் விளம்பரச் செலவோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத தொகை. பாகத்தின் தரத்தில் மயிரிழை பிசகினால் லோடையே திருப்பி அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்கு, அந்தப் பாகம் செய்யப்படும் மெஷினில் தடுப்பு இருக்கிறதா என்று கேட்பது ஒரு பெரிய வேலையா? அப்படிக் கேட்கத் தொடங்கினால் சப்ளையர்கள் ஒரே மாதத்தில் மாறிவிடுவார்கள். ஆர்டரைவிட வலுவான இன்ஸ்பெக்டர் இந்தத் தொழிலில் இல்லை.

அதுவரை, புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு யாராவது ஒரு மூத்த தொழிலாளிதான் பிரஸ்ஸை இயக்கக் கற்றுக்கொடுக்கிறார். எந்த மெஷின் இரட்டை அடி அடிக்கும், எந்த பெடல் தானாகப் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் பாடத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்ல அவர் கையில் பெரும்பாலும் ஐந்து விரல்கள் இருப்பதில்லை.